நாலு மெத்தையும் ஒரு மழையும்

எதிரே ஒரு மெத்தை மலை வந்துகொண்டிருந்தது...

சுருட்டிக் கட்டிய நாலு இலவம்பஞ்சு மெத்தைகள். அவற்றின் உச்சியில் எட்டுத் தலையணைகள். அடியில் எங்கேயோ ஒரு சைக்கிள் இருக்க வேண்டும்; சக்கரம் மட்டும்தான் தெரிந்தது.

வேறு நாளாக இருந்தால் வசந்தாமணி வாய்விட்டுச் சிரித்திருப்பாள். இன்று முடியவில்லை. அவள் ஓட்டிவந்த கூண்டு வண்டிக்குள் அக்கா பழனியம்மாள் பிரசவ வலியில் முனகிக்கொண்டிருந்தாள்.

"ஓட்டு கண்ணு... வெரசா ஓட்டு..." என்று அம்மா பூவாத்தாள் பின்னாலிருந்து பதறினாள்.

அக்கா புருஷன் பம்பாய்க்கு லாரி ஓட்டிப் போயிருந்தார். அப்பா சென்னியப்பன் கடலை மூட்டைகளோடு ராசிபுரம் போயிருந்தார். வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த ஆள் இருபத்திரண்டு வயது வசந்தாமணி மட்டும்தான். புதுச்சத்திரம் ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு மைல். எழுபத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

மெத்தைக்காரன் சைக்கிளை ஓரங்கட்டினான். மணியடித்தான். கையை ஆட்டினான்.

"மாடு மெரளுமுங்க! சித்த நிறுத்துங்க... நான் பள்ளத்துல எறங்கிக்கறேன்!"

அவள் நிறுத்தவில்லை. சாட்டையால் ஒரு தட்டு தட்டினாள்.

காற்றில் ஒரு வெள்ளைத் தலையணை படபடத்தது... அவ்வளவுதான். வலத்து மாடு மிரண்டு துள்ளியது. வண்டி ஒரு பக்கமாக இழுபட்டு, சக்கரம் பள்ளத்தில் இறங்கி, படீரென்று ஒடிந்தது.

"உங்களுக்குக் கண்ணு பொடனியிலயா இருக்குது?" கீழே குதித்த வேகத்தில் வெடித்தாள். "இப்படி ஒரு பூதத்தைக் கட்டிக்கிட்டு வந்தா மாடு என்ன பண்ணும்?"

மெத்தைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. புருவத்திலும் மீசையிலும் பஞ்சு. பதில் சொல்ல வாயெடுத்தவன், கூண்டுக்குள் கேட்ட முனகலில் நின்றுவிட்டான்.

"உள்ள யாருங்க?"

"எங்கக்கா... வலி கண்டிருச்சுங்க..." அவளுடைய கோபம் பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

அவன் கயிறுகளை அவிழ்த்தான். மெத்தைகளைப் புல்மேல் இறக்கினான். ஒரு தலையணையை மடித்துக் கேரியரில் வைத்துக் கட்டினான்.

"அக்காளை இதுல உக்கார வெச்சுக்கலாமுங்க. அம்மா பக்கத்துல புடிச்சுக்கட்டும். நான் மெல்லமாத் தள்ளிக்கிட்டு வாரேன்."

"உங்க மெத்தை?"

"கெடக்கட்டும் போங்க."

"மாட்டை விட்டுட்டு நான் வர முடியாது... இங்கதான் இருப்பேன். உங்க சாமானையும் பாத்துக்கறேன். நீங்க போங்க!"

ஒரு கணம் அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். என்ன கண்கள் அவை... திட்டு வாங்கிய சுவடே இல்லாமல்!

சைக்கிள் நகர்ந்தது. குழியைக் கண்ட இடத்திலெல்லாம் அவன் சைக்கிளைத் தூக்கித் தூக்கி வைப்பதை, வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

பஸ் ஒன்று கடந்து போனது. "என்ன அம்மிணி, ரோட்டுலயே கடை போட்டுட்டியா?" என்று ஜன்னலிலிருந்து யாரோ கேட்டுச் சிரித்தார்கள். அவள் காதில் அது ஏறவில்லை. 'அவர் கையாட்டினாரே... நான்தானே நிறுத்தவில்லை...' என்று மனசு அரித்தது. அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்...?

முதல் துளி, சிவப்புப் பூப்போட்ட மெத்தைமேல் விழுந்தது.

ஐயோ... பஞ்சு நனைந்தால் போச்சே!

மெத்தை ஒவ்வொன்றும் பிணக்கனம் கனத்தது. கட்டிப்பிடித்து, உருட்டி, சாய்ந்து கிடந்த கூண்டுக்குள் தலையால் முட்டித் திணித்தாள். நாலும் உள்ளே போயின. தலையணைகளும் போயின. அப்புறம் அவளுக்கு இடமில்லை. மழை கொட்டித் தீர்த்தது. மாடுகளோடு மாடாக வேப்பமரத்தடியில் நனைந்தாள்.

மணி நாலு இருக்கும். மழைத்திரைக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வந்தது. அவன் முகத்தைத் தேடினாள்... தூரத்திலிருந்தே அவன் கத்தினான்.

"பொண்ணுங்க! பொண்ணு பொறந்திருக்குது! தாயும் புள்ளையும் சுகமுங்க!"

வசந்தாமணி அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். சிரித்தாள். முகத்தில் எது மழை, எது கண்ணீர் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். கூண்டைத் திறந்தான். திகைத்தான்.

"மெத்தை மேல ஒரு சொட்டு இல்லை... நீங்க தொப்பமா நனைஞ்சு போயிட்டீங்களே?"

"எனக்கு உள்ள எடமில்லீங்க..."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவனும் சிரித்தான். அவள் இமையில் ஒரு துளி விழலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றது. அவன் அதையே பார்த்தான்... சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"எம்பேரு சரவணமுத்துங்க. ராசிபுரத்துல மெத்தைக் கடை. இதெல்லாம் இங்க பக்கத்துல ஒரு கல்யாண ஊட்டுக்கு..."

கல்யாண வீடு என்றதும் அவளுக்கு ஏனோ முகம் சூடானது.

அப்போதுதான் பஸ்ஸிலிருந்து அப்பா இறங்கி ஓடிவந்தார். அக்கா சுகம் என்று கேட்டதும் தலைமேல் கை குவித்தார். அடுத்து ஒடிந்த சக்கரத்தைப் பார்த்தார்.

"ஆரு பண்ணுன வேலை இது?"

வசந்தாமணி சாட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பொட்டப்புள்ள கையில் சாட்டை எதற்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். மூன்று வருஷம் கெஞ்சி வாங்கிய சாட்டை...

"என்னாலதானுங்க," என்றான் சரவணமுத்து. "என்ற சொமையைப் பாத்து மாடு மெரண்டுருச்சு."

"எம்மக உசுரு போயிருந்தா நீ குடுப்பியாடா? இனி இந்தப் பக்கம் உன்னைப் பாத்தேன்..."

அவன் தலைகுனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். மெத்தைகளை மறுபடி ஏற்றினான். கட்டினான். போய்விட்டான். அவள் வாயைத் திறக்கவே இல்லை.

அதன்பிறகு சோறு இறங்கவில்லை. அம்மா அவனைத் தெய்வம் என்றாள். "மெரள வெச்சவனே கொண்டுபோய்ச் சேத்துனான், இதுல என்ன பெருமை?" என்றார் அப்பா. ஒவ்வொரு தடவையும் வசந்தாமணிக்கு நெஞ்சில் முள் தைத்தது.

பதினாறாம் நாள், குழந்தைக்குப் பேர் வைத்து விருந்தாளிகள் போனபிறகு, அப்பா முன்னால் போய் நின்றாள்.

"அப்பா... அன்னைக்குத் தப்பு எம்மேலதான். அவர் நிறுத்தச் சொல்லிக் கையாட்டுனாரு. நான் நிறுத்துலீங்க." சாட்டையை அவர் முன்னால் வைத்தாள். "இனிச் சாட்டையைத் தொடமாட்டேன்."

சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அந்தப் பையனை என்ன பேச்சுப் பேசிப்போட்டேன்... வண்டியப் பூட்டு."

"நானுங்களா?"

"பின்ன ஆரு ஓட்டுறது? ரெண்டு பேரும் போய் மன்னிப்புக் கேக்கோணும்."

அவளுக்கு மூச்சு இப்போதுதான் சரியாக வந்தது... பதினாறு நாளுக்கு அப்புறம்!

ராசிபுரம் கடையில் சரவணமுத்து பஞ்சுக்கு நடுவே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியாமப் பேசிப்போட்டேன் சாமி... மனசுல வெச்சுக்காத." பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

இரண்டு பேர் மட்டும். பஞ்சு மட்டும் மிதந்தது...

"நீங்க கையாட்டுனதைப் பாத்துக்கிட்டேதானுங்க ஓட்டுனேன்," என்றாள்.

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா பழியை ஏத்துக்கிட்டீங்க?"

"உங்கப்பா கேட்டப்ப உங்க கண்ணைப் பாத்தேன். ஒரு நாளைக்கு அந்தக் கண்ணு பயந்தது போதும்னு தோணுச்சுங்க."

அவள் புடவைத் தலைப்பைச் சுற்றினாள். அவிழ்த்தாள்.

"எனக்குச் சோறே எறங்கலீங்க."

"அந்தப் பழியை நெனச்சா?"

"மொதல்ல பழியைத்தான் நெனச்சேன்..." பெரிதாக மூச்சு வாங்கினாள். "அப்பறம் உங்களை."

ஊசி அவன் கையிலிருந்து நழுவியது. தேடுவதுபோலக் குனிந்தான். நிமிர்ந்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

"நானும் தெனம் அந்த ரோட்டுலதானுங்க சுத்துறேன். பாக்கக் கூடாதுன்னு உங்கப்பா சொல்லிட்டாரு... அதனால வேலிக்கு அந்தாண்ட, தூரமா. நீங்க வண்டி ஓட்டிக்கிட்டு வருவீங்களான்னு..."

வசந்தாமணி தலையை நிமிர்த்தினாள். வெட்கத்தை ஒரு நிமிஷம் ஓரமாக வைத்துவிட்டு, அவனை நேராகப் பார்த்தாள்.

"வந்துட்டேனுங்க."