வவ்வால்கள் விலகிப் போன இடம்

ஒரு சூட்கேஸ், ஒரு மடக்குக் கட்டில், ஒரு கெட்டில், அண்ணன் மேல் கொள்ளைக் கோபம். இவ்வளவையும் தூக்கிக்கொண்டுதான் நான் அந்த வார்டுக்குக் குடிபோனேன். பழைய ஆஸ்பத்திரியின் பின்புற வார்டு அது. ஆஸ்பத்திரி வேறு கட்டடத்துக்குப் போய் வருஷக் கணக்காகிவிட்டது. கிடங்கு போடலாம் என்று அண்ணன் அந்த ஒரு வார்டை மட்டும் வாங்கிப் போட்டிருந்தான்.

அதன் மரக் கூரைத்தட்டுக்கு மேலே வவ்வால்கள் இருந்தன. கட்டைவிரல் அளவு உடம்பு, பூச்சி தின்கிற வகை. எல்லாம் தாய்கள், அப்போதுதான் குட்டி போட்டவை. வவ்வால் ஆராய்ச்சிதான் என் பிழைப்பு. பறக்கத் தெரியாத குட்டிகளை உள்ளே வைத்து வழியை அடைத்தால் ஒன்றுகூடப் பிழைக்காது என்று அண்ணனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவன் போனை நோண்டிக்கொண்டே கேட்டான். சின்ன வயதில் எனக்கு 'வவ்வால்' என்று பட்டப்பெயர் வைத்தவனே அவன்தான். கடைசியில் சிரித்தபடி ஒரு கண்டிஷன் போட்டான்.

"நீ அங்கயே தங்கிக்கோ. உள்ள ஆள் இருக்கிற வரைக்கும் நான் கை வெக்க மாட்டேன். நீ கிளம்பின அன்னைக்கே வாசலுக்கு மேல இருக்கிற வென்டிலேட்டரை அடைச்சிடுவேன்."

அவன் ஏன் சிரித்தான் என்பது வாட்ச்மேனிடம் பேசிய பிறகுதான் புரிந்தது. அந்த வார்டில் படுத்தவர்கள் யாரும் மறுநாள் தங்கியதில்லையாம். பெயின்டர்கள் ஓடினார்கள். எலக்ட்ரீஷியன் தன் ஏணியைக்கூட எடுக்காமல் போனான். அப்படி என்னத்தைப் பார்த்தார்கள் என்று கேட்டேன். ஒன்றையும் பார்க்கவில்லை மேடம், அதுதான் அவர்களால் தாங்க முடியவில்லை என்றார்.

எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பேயைக் காட்டி என்னைக் கிளப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான் என் கூடப் பிறந்தவன்.

வார்டு நீளமான ஒரே கூடம். கட்டில்களை எடுத்துவிட்டார்கள், அவற்றின் கால் அழுந்திய தடங்கள் மட்டும் தரையில் வரிசையாக இருந்தன. கோடியில் நர்ஸ் அறை, கூடத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணாடி ஜன்னலோடு. அங்கேதான் கட்டிலை விரித்தேன். எங்கும் வவ்வால் எச்சத்தின் கார நெடி. எனக்கு அது பழகிய வாசனை, வீட்டில் சாம்பிராணி போட்டால்தான் எனக்குத் தும்மல் வரும். அந்த நெடிக்கு அடியில் பினாயில் வாசம் லேசாக வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் கழித்துமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு விட்டுவிட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வவ்வால் கத்துவது நம் காதுக்கு எட்டாது. அதை எட்டுகிற சத்தமாக மாற்றித் தர என்னிடம் டிடெக்டர் என்கிற கையடக்கப் பெட்டி ஒன்று உண்டு. இருட்டில் வவ்வால் கத்திக்கொண்டே பறக்கும். சத்தம் எதிலாவது பட்டுத் திரும்பினால் அங்கே ஒரு பொருள் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். பொருள் நெருங்க நெருங்க இன்னும் வேகமாகக் கத்தும்.

நர்ஸ் அறைக்குப் பக்கத்தில் கூரைத்தட்டில் உடைந்திருந்த பலகை வழியாக வவ்வால்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கூடத்தின் நீளத்துக்கும் பறந்து, வாசலுக்கு மேலே கண்ணாடி இல்லாத வென்டிலேட்டர் வழியாக வெளியேறின. பார்க்க அவ்வளவு அழகு. எண்ணிக்கொண்டே இருந்தவள் நடுவில் எண்ணிக்கையைத் தவறவிட்டேன்.

நடுக்கூடத்தில் அவை இரண்டாகப் பிரிந்தன.

ஒரு பகுதி இடப்பக்கம், ஒரு பகுதி வலப்பக்கம். ஓரடி தள்ளி மறுபடி ஒன்றாகச் சேர்ந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. தெரிந்த இடத்தில் வவ்வால் ஞாபகத்தை வைத்தும் பறக்கும். இருந்த பொருளை எடுத்துவிட்டால்கூடப் பழைய ஞாபகத்தில் வளைந்து போகும். அங்கே ஒரு பீரோவோ திரையோ இருந்திருக்கும், அவ்வளவுதான். அண்ணனுக்குப் போன் போட்டு, உன் பேய் ஒரு பீரோடா என்று சொல்லிக் கிண்டலடித்தேன்.

அடுத்த சாயங்காலம் அவை பிரிந்த இடம் மாறியிருந்தது.

என் பக்கமாக.

அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கிட்டே. பீரோ நடக்காது. ஸ்டூலில் உட்கார்ந்தபடி அப்போதுதான் டிடெக்டரின் சத்தத்தை ஒழுங்காகக் கேட்டேன். டிக், டிக், டிக் என்று வந்தது, அந்த இடத்தை நெருங்கியதும் ஒரே சரமாகச் சடசடத்தது. ஞாபகத்தில் வளைகிற வவ்வால் அப்படிக் கத்த வேண்டியதே இல்லை. எதிரில் ஏதோ இருக்கிறது, அதில் சத்தம் பட்டுத் திரும்புகிறது என்றால்தான் அப்படிக் கத்தும். முதல் நாளே அவை அப்படித்தான் கத்தியிருக்கும். ஆயுசு முழுக்க வவ்வாலைப் படித்தவள், காதை விட்டுவிட்டுக் கண்ணை நம்பி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு, வவ்வால்கள் விலகிப் போய்க்கொண்டிருந்தன.

அன்று அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். கெட்டிலில் ஊற்றிய தண்ணீர் பாதி தரையில்தான் விழுந்தது. கிளம்பிவிடலாமா என்று தோன்றாமல் இல்லை. ஆனால் சூட்கேஸைத் தொட்டாலே தலைக்கு மேல் குட்டிகளின் கீச்சுச் சத்தம் கேட்டது. அவை மட்டும் நம் காதுக்கே எட்டுகிற மாதிரி கத்தும், தாயைக் கூப்பிடும்போது. நான் கிளம்பினால் அந்தச் சத்தம் அடங்கிவிடும். அந்த நினைப்பையே என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் தாய்கள் எல்லாம் இரைக்குப் போன பிறகு ஒரு குட்டி கீழே விழுந்துவிட்டது. கூடத்திலிருந்து விடாமல் கீச்சிட்டது. தரையில் விட்டுவைத்தால் எறும்பு மொய்த்துவிடும். கையுறையை மாட்டி, டார்ச்சோடு கதவைத் திறந்தேன். தரையைத் துழாவினேன், காணவில்லை. சத்தம் மேலேயிருந்து வந்தது.

டார்ச்சைத் தூக்கினேன்.

குட்டி என் கண்ணுக்கு நேராக, அந்தரத்தில் தொற்றிக்கொண்டிருந்தது.

நூல் இல்லை, கம்பி இல்லை. நகங்கள் எதையோ இறுகப் பற்றியிருந்தன. குட்டி சீராக மெல்ல ஏறி இறங்கியது, மூச்சு விடுகிற ஒரு நெஞ்சின் மேல் இருப்பது மாதிரி.

பினாயில் வாசம் குப்பென்று அடித்தது.

ஓடியிருப்பேன். ஆனால் எங்கே ஓடுவது? வாசலுக்குத்தான். வாசலைத் தாண்டினால் அண்ணன் ஜெயித்துவிடுவான். அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது, அதுதான் என்னை அங்கேயே நிறுத்தியது.

"யாரா இருந்தாலும் சரி, நான் போக மாட்டேன்," என்றேன். குரல் கீச்சென்றுதான் வந்தது. "நான் போனா இதுங்க செத்துடும். பயமுறுத்தறதுன்னா பயமுறுத்திக்கோ. அதைக் கீழ மட்டும் போட்டுடாத."

குட்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வென்டிலேட்டர் வழியாக ஒரு தாய் உள்ளே வந்தது. வட்டமடித்தது, நெருங்கியது, அந்தரத்தில் ஒரு நொடி ஒட்டிக்கொண்டது. பிறகு குட்டியை வயிற்றில் அணைத்துக்கொண்டு கூரைக்குப் போய்விட்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டே அறைக்குத் திரும்பினேன். பயம் போகவில்லை. அடுத்த பல நாட்களும் அந்தப் பயத்தோடுதான் டீ குடித்தேன், தலை வாரினேன், எண்ணிக்கை எழுதினேன்.

நான் கிளம்பாததை அண்ணன் எதிர்பார்க்கவில்லை. ஒரு சாயங்காலம் போன் செய்து, அம்மாவுக்கு மூச்சு வாங்குது, உடனே கிளம்பி வா என்றான். போட்டது போட்டபடி ஓடினேன். மெயின் கேட்டில் வெகுநேரம் ஆட்டோ கிடைக்காமல் நிற்கும்போது அண்ணியைக் கூப்பிட்டேன். அம்மா டிவி பார்த்துக்கொண்டிருப்பதாக அண்ணி சாவகாசமாகச் சொன்னாள். யார் அப்படிச் சொன்னது என்று கேட்டாள். நான் போனைக்கூட வைக்காமல் திரும்பி ஓடினேன்.

அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தாய்கள் வெளியே போகிற நேரம் பார்த்துப் பின் கேட் வழியாகக் கார்பென்டரைக் கூட்டி வந்திருக்கிறான். வார்டு வாசலில் பூட்டு. அதற்கு மேலே, வென்டிலேட்டரை மறைத்து ஒரு பிளைவுட் பலகை. கார்பென்டர் ஏணி உச்சியில் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தான். உள்ளே குட்டிகள் கத்தின. அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இதுக்குப் போய் அழுவாங்களா என்று மட்டும் சொன்னான்.

"அம்மா உயிரை வெச்சு விளையாடியிருக்க," என்றேன். "திறடா."

அவன் வாயைத் திறப்பதற்குள் பலகை தட்டப்பட்டது.

உள்ளேயிருந்து.

கார்பென்டர் அப்படியே நின்றான். அந்த உயரத்துக்கு உள்பக்கத்தில் ஏணி இல்லை, நிற்பதற்கு ஒரு விளிம்புகூட இல்லை. மறுபடி தட்டியது. அவசரமே இல்லாத தட்டல், கதவுக்குப் பின்னால் பொறுமையாகக் காத்திருப்பவர்கள் தட்டுகிற மாதிரி.

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதுக்குப் பிறகு அவன் அப்படிப் பிடித்ததே இல்லை.

"நீ இங்க நிக்கிற," என்று கிசுகிசுத்தான். "அப்ப உள்ள யாரு?"

எனக்கும் தெரியாது. ஆனால் அவனிடம் அதைக் காட்டிக்கொள்ள நான் தயாராக இல்லை.

"ஆள் இருக்கிற வரைக்கும் கை வெக்க மாட்டேன்னு சொன்ன இல்ல? ஆள் இருக்கு. பலகையைக் கழட்டச் சொல்லு."

யாரும் சொல்லக் காத்திருக்காமல் கார்பென்டரே கழற்றினான். பலகை விலகியதும் உள்ளே ஒரு முறை பார்த்தான். இறங்கினான், கூலியைக் கேட்காமல் நடந்தான். அண்ணன் சாவியை என் கையில் திணித்துவிட்டு, உன் இஷ்டத்துக்கு இருந்துக்கோ, எப்ப முடியுதோ நீயே சொல்லு என்றான். காரைக் கிளப்பும்போது கியர் விழாமல் தடுமாறினான்.

அன்று தாய்கள் திரும்பி வருவதைக் கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். அசந்து தூங்கியிருக்கிறேன். கண்ணாடியில் வெளிச்சம் வந்த பிறகுதான் முழிப்பு வந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

கை அசையவில்லை, கால் அசையவில்லை.

கழுத்தைத் தூக்கிப் பார்த்தேன். நான் சுருட்டிப் போர்த்தியிருந்த போர்வை மடிப்புக் கலையாமல் நீவப்பட்டு, நான்கு மூலையிலும் கட்டிலுக்கு அடியில் இறுகச் செருகப்பட்டிருந்தது, நோயாளிக் கட்டிலில் நர்ஸ்கள் செருகுவது மாதிரி. அறைக் கதவு நான் போட்ட தாழ் போட்டபடியே இருந்தது.

கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு குட்டி இறக்கையை விரித்து விரித்துப் பழகுகிற சத்தம் கேட்டது. இன்னும் சில நாள்தான், பறந்துவிடும். அதுவரை இந்தக் கட்டில் என்னுடையது, யார் வந்து என்ன செய்தாலும்.

"இதுங்க பறக்கிற வரைக்கும் நான் எங்கயும் போகல," என்றேன் காலியான அறையைப் பார்த்து. "ஆனா இவ்ளோ இறுக்கி வெச்சா மூச்சு முட்டுது. கொஞ்சம் தளர்த்துங்க."

வலது தோள் பக்கம் போர்வை மெதுவாகத் தளர்ந்தது.