அவள் பக்கம் மட்டும் ஈரம்

மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அதற்குள் டென்டில் அவள் படுத்திருந்த பக்கம் மட்டும் சில்லென்று ஈரம் தட்டியது.

முதலில் வியர்வை என்றுதான் நினைத்தாள். ஸ்லீப்பிங் பேக்கிலிருந்து கையை வெளியே விட்டுப் பாயைத் தடவினாள். விரல் நுனியில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. மோந்து பார்த்தால், மாற்றாமல் விட்ட பூச்சாடித் தண்ணீரின் நாற்றம். வெளியே காற்றில் டென்ட் கயிறுகள் முனகுவதும், ஏரிக்கரை நாணல் ஒன்றோடொன்று உரசுவதும், எங்கோ ஒரு தவளை தொண்டையைச் செருமிச் செருமி நிறுத்துவதும் கேட்டன. எட்டி, பக்கத்தில் படுத்திருந்த புருஷனின் பாயைத் தொட்டாள். இஸ்திரி போட்டு விரித்த மாதிரி மொடமொடவென்று காய்ந்து கிடந்தது.

இதென்ன கூத்து என்று அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அவள் புருஷன் டென்ட் வாடகைக்கு விடுகிற கடைக்காரன். நனையாமல் தூங்குவது எப்படி என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வகுப்பு எடுப்பவன். பள்ளத்தில் போடாதே, மேட்டில் போடு. படுக்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு ஜோடி சாக்ஸைத் தனியாகப் பொத்தி வை. எல்லாவற்றுக்கும் மேலாக, அடியில் விரிக்கிற தார்ப்பாயின் ஓரம் டென்டுக்கு வெளியே ஒரு விரல்கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நீட்டினால் வழிகிற மழையையெல்லாம் வாங்கி நேரே உன் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து விட்டுவிடும். கல்லாவில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அவளுக்கே இதெல்லாம் தண்ணி பட்ட பாடு.

"என்னங்க, என் பக்கம் ஈரமா இருக்கு."

"மண்ணு ஈரம். பேசாம படு."

பாவம், தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவன் நிம்மதியாகத் தூங்கி ஒரு வருஷம் ஆகிறது. போன மழைக்காலத்தில் கடைக் கூட்டாளியோடு இதே கரைக்கு வந்தான். திரும்பி வந்தது அவன் மட்டும். ஏரித் தண்ணீர் ஏறி வந்து கூட்டாளியை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றான். அன்றிலிருந்து, மூன்றாவது மாடியில் இருக்கும் அவர்கள் வீட்டில், கட்டிலில் அவன் படுக்கும் பக்கம் ராத்திரியானால் நனைந்தது. அவன் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தான். டாக்டர் வியர்வை என்றார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் மெத்தையை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய்க் காயவைத்தாள், வாசலிலிருந்து கட்டில்வரை வந்திருந்த ஈரத் தடத்தைத் துடைத்தாள், அவன் எரிந்து விழுந்தபோதெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். போன வாரம் அவனே வந்து அவள் கையைப் பிடித்தான். "நாம ரெண்டு பேரும் ஒரு ராத்திரி அங்க போய்ப் படுத்துட்டு வந்துடுவோம். அதுக்கப்புறம் எல்லாம் சரியாயிடும். என்னை நம்பு." அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பழைய மனுஷன் திரும்பக் கிடைப்பான் என்றால் ஏரிக்கரை என்ன, நடுக்காட்டில் படுக்கச் சொன்னாலும் படுத்திருப்பாள்.

மழை பிடித்தது. முதலில் தூறலாய்த் துணிமேல் பொரிந்து, பிறகு யாரோ மேலேயிருந்து அரிசியைக் கொட்டுவது போலச் சடசடத்து, கடைசியில் தனித்தனியாக எந்தச் சத்தமும் பிரியாத ஒரே இரைச்சலாக ஆகிவிட்டது. பாய்க்கு அடியில் தண்ணீர் புகுந்து நெளிவதை அவள் முதுகு உணர்ந்தது. சாக்ஸ் ஊறிப்போனது. பின்கழுத்தில் தலைமுடி ஒட்டியது. அவன் பக்கம் நகரலாம் என்று புரண்டால் இடையில் ஏதோ இடித்தது. மூட்டைமுடிச்சையெல்லாம் வரிசையாக அடுக்கி, நடுவில் வரப்பு கட்டியிருந்தான். படுக்கும்போது அது இருக்கவில்லை; அவள் சற்றுக் கண்ணயர்ந்தபோது கட்டியிருக்க வேண்டும்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க. நானும் அந்தப் பக்கம் வந்துடறேன், இங்க தண்ணி வருது."

"வராத."

"நனைஞ்சுட்டேங்க."

"தெரியும். என்மேல பட்டுடாத."

எரிச்சலில் சொன்ன மாதிரி இல்லை. குரல் நடுங்கியது.

தலைமாட்டில் இருந்த டென்ட் ஜிப்பை ஒரு சாண் திறந்து, கையை வெளியே விட்டுத் துழாவினாள். தார்ப்பாய் தட்டுப்பட்டது. அவள் பக்கத்தில், கைக்கு எட்டிய தூரம்வரை, ஒரு முழத்துக்கு மேல் டென்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தை மடித்து நிமிர்த்தி, சரிந்துவிடாமல் கற்களை முட்டுக் கொடுத்திருந்தது. மழை அதில் தொட்டி போல நிறைந்து அவளுக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

வாடகைக்கு எடுத்தவன் எவனாவது செய்திருந்தால் தெரியாத்தனம். இவன் செய்வானா? கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்யமாட்டான். சாயங்காலம், நீ உட்காரும்மா, நான் பார்த்துக்கறேன் என்று அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, டென்டைச் சுற்றிச் சுற்றி வந்தானே, இதற்குத்தானா? அடப்பாவி! ஒரு வருஷம் உன் மெத்தையைத் தூக்கிச் சுமந்தேனே. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதற்கு என்றுதான் இன்னும் விளங்கவில்லை.

அப்போது மழைக்குள் வேறொரு சத்தம் கேட்டது.

பச்சக். நிறுத்தம். பச்சக்.

வெறும் உள்ளங்கையால் டென்ட் துணியைத் தட்டும் சத்தம். கால்மாட்டில் தொடங்கியது. மெதுவாக நகர்ந்தது. குருடர்கள் சுவரைத் தடவிக் கதவு தேடுவது போல. அவள் சட்டென்று கையை உள்ளே இழுத்துக்கொண்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள். மூச்சை அடக்கினாள்.

சத்தம் அவன் பக்கம் போனது. தட்டியது. வழுக்கியது. மறுபடி தட்டியது.

"இங்க இல்ல," என்றான் அவன்.

அவளிடம் சொல்லவில்லை. முகம் துணிப்பக்கம் திரும்பியிருந்தது. கடையில் கூட்டாளியிடம் பேசுகிற அதே தொனி.

"அந்தப் பக்கம். நான்தான் கூட்டிட்டு வரேன்னு சொன்னேன்ல. என்னை விட்டுடு."

தட்டல் நின்றது.

"என்னங்க." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "என்னையா?"

மூட்டைகளைத் தாண்டி அவன் கை வந்தது. தோளைத் தொட்டது. இழுத்துக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தாள். இவ்வளவுக்கு அப்புறமும், அந்த ஒரு நொடி, அப்படித்தான் நினைத்தாள்.

கையில் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தான். அவள் பையின் ஜிப்பைப் பிடித்தான். மார்பிலிருந்து கழுத்துவரை ஏற்றினான். முகத்தைச் சுற்றியிருந்த நாடாவை இறுக்கி, தாடைக்கு அடியில் முடிச்சுப் போட்டான். கைகள் உள்ளே மாட்டிக்கொண்டன.

"குளிரும்," என்றான்.

பிறகு மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

உதைத்தாள். புரண்டாள். கத்தினாள். மழை எல்லாவற்றையும் தின்றது.

முதுகுக்கு அடியில் தரை எழும்பியது.

அது தண்ணீர் அல்ல. தண்ணீருக்கு எலும்பு கிடையாது. முழங்கால் ஒன்று அவள் முழங்காலுக்குப் பின்னால் வந்து பொருந்தியது. நெஞ்சு, முதுகோடு. தரைத் துணி கிழியவில்லை. இழுபட்டு இழுபட்டு இளகிக் கொடுத்தது. அதற்குள்ளிருந்து இரண்டு கைகள். இடமும் வலமும். அவளைச் சுற்றி வந்து, வயிற்றின் மேல் விரல் கோத்துக்கொண்டன.

தோளில் ஒரு தாடை பதிந்தது.

காதோரம், துணிக்குப் பின்னால், ஒரு வாய் திறந்தது. துணியை உள்ளே இழுத்தது. வெளியே விட்டது. மறுபடி இழுத்தது.