பந்திக் கழிவு

அறுபது இலைகள் விரித்தாயிற்று. யாருக்கும் பசியில்லை.

"சாம்பாரைத் தாராளமா ஊத்து மேரி," என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பஞ்சநாதம். "வெயிட்டு அதுலதான் வரும்."

சகாயமேரி வாளியைத் தூக்கினாள். 'சுழியம்' என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்திலிருக்கும் செரிகலனுக்கு அவள்தான் காவல். பதினான்கு மாடிகளின் மிச்சச் சோற்றைத் தின்று அது வாயு தரும். விளக்கு, லிஃப்ட், தண்ணீர் எல்லாம் அந்த வாயுவில்தான். வெளி மின்சாரமே வாங்காத கட்டடம் என்று வாசலில் பித்தளைப் பலகை உண்டு.

குடியிருந்தவர்கள் திருந்திவிட்டதுதான் தொல்லை. எட்டு வருடத்தில் அளந்து வாங்கவும் அளந்து சமைக்கவும் பழகிவிட்டார்கள். மிச்சம் விழவில்லை. செரிகலன் பட்டினி கிடந்தது. இன்று மாலைக்குள் இருநூறு கிலோ விழாவிட்டால் வெளியிலிருந்து மின்கம்பி இழுக்க வேண்டும். பலகை போகும். மேரியின் வேலையும், வேலைக்காகக் கொடுத்த அறையும் போகும்.

பானையிலிருந்து நேரே கொட்டக்கூடாது. விதிப்படி அது உணவு. இலையில் விழுந்து மிஞ்சினால்தான் கழிவு.

பரிமாறி முடிந்ததும் பஞ்சநாதம் தலையசைத்தார். ஆவி பறக்கும் சோற்றின்மேல் அறுபது பேரும் இலையை மடித்தார்கள்.

"பாயசம் மட்டும் ஒரு வாய் குடிச்சுக்கறேனே சார்," என்றாள் ஏழாம் மாடி வைதேகி.

"வீட்ல அளந்து குடிங்கம்மா. எழுந்திருங்க, அடுத்த பந்தி நிக்குது."

மூன்று பந்தி. மேரி வண்டி வண்டியாகத் தள்ளிக் கொட்டினாள். நெய்யும் புளித்த நாற்றமும் கைகளில் ஒட்டின. கடைசி வண்டியின் மூலையில் ஒரு வடை, முழுசாக. காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. வாயில் போட்டுக்கொண்டாள்.

செரிகலனில் சிவப்பு எழுத்து ஓடியது: நிறைவுக்கு நாற்பது கிராம் குறைவு.

பஞ்சநாதம் படியிறங்கி வந்தார். "நாப்பது கிராம் எங்க மேரி? பானையெல்லாம் காலி!"

"தின்னுட்டேன் சார். ஒரே ஒரு வடை."

"தின்னியா? இப்படி வீணடிச்சா கட்டடம் எப்படி ஓடும்?"

ஏதாவது ஒட்டியிருந்தால் வழித்துப் போடலாமென்று மேரி மூடியைத் திறந்தாள். உள்ளே சோறும் பாயசமும் ஒன்றாய்க் குழைந்து நுரைத்தன. சூடான வாடை முகத்தில் அடித்தது. வயிறு புரட்டியது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். எல்லாம் உள்ளேயே விழுந்தது.

செரிகலன் எடை பார்த்தது. எழுத்து பச்சையானது.

"அப்பாடா," என்றார் பஞ்சநாதம், மூக்கைப் பொத்தியபடி. "அடுத்த வாரமும் வடை போடச் சொல்லிடறேன்."