ஒரே ஒரு பின்

முட்டையைக் கிளறித் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் லைல் ஹாஸ்கெட் முள்கரண்டியைக் கவனித்தான். நான்கு பற்களில் இடமிருந்து மூன்றாவது மட்டும் பின்பக்கமாக மடங்கியிருந்தது. கீழே விழுந்து வளைந்திருந்தால் பக்கத்துப் பல்லும் கொஞ்சம் கோணியிருக்கும். இதையோ யாரோ சாவகாசமாக உட்கார்ந்து, இதுதான் வேண்டும் என்று பொறுக்கி எடுத்து வளைத்த மாதிரி இருந்தது.

“கோரின், இது நீயா?”

ஒன்பது வயது மகள் கார்ன்ஃபிளேக்ஸ் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கினாள். “நான் இல்லப்பா.”

“வேற யாரு? வீட்டில நாம ரெண்டு பேர்தானே.”

அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். குழந்தையிடம் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று லைலுக்கு உடனே தோன்றியது. ஆனால் அந்தக் கேள்வி எப்போதும் அவன் நாக்கு நுனியிலேயே இருந்தது. அதைக் கேட்டுத்தான் அவன் சம்பளம் வாங்கினான்.

கொலம்பஸ் நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய கிடங்கில் அவனுக்கு வேலை. இணையத்தில் கணினிப் பாகங்கள் வாங்கியவர்கள், வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்புவதெல்லாம் அவன் மேஜைக்கு வரும். கோளாறு தொழிற்சாலையில் வந்ததா, வாங்கியவர் கையால் வந்ததா என்று அவன் தீர்ப்பு எழுத வேண்டும். கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டின் நடுவில் சதுரமாக ஒரு குழி இருக்கும். அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய பின்கள் ஆயிரத்துக்கு மேல், வரிசை வரிசையாகப் பொன்னிறத்தில் நிற்கும். கணினியின் மூளையான பிராசஸரை அதில் பொருத்தும்போது கை வழுக்கினால் ஒரு பின் வளையும். ஒன்று வளைந்தாலும் போதும், ‘பயனர் தவறு’ என்று எழுதி, மாற்றுப் பலகை கிடையாது என்று சொல்லிவிடலாம். வளைத்துவிட்டு, பெட்டியைப் பிரிக்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று சாதிக்கிற ஆட்களும் உண்டு. அவர்களுக்கு எழுதியபோது லைலுக்கு ஒரு உறுத்தலும் இருந்ததில்லை.

அந்தக் குளிர்காலத்தில் வந்த பலகைகள் வேறு. பின்கள் அத்தனையும் நேராக நிற்க, பலகை மட்டும் செத்துக் கிடந்தது. கோளாறு தொழிற்சாலையுடையதுதான் என்று அவன் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போனான். மேலாளர் டாலிவர் அம்மாள் ஒருநாள் காபிக் கோப்பையோடு அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். “நல்லா பாத்தியா, லைல்? இன்னொரு தடவை நல்லா பாரு.” அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லா பார்த்தும் ஒன்றும் கண்டுபிடிக்காத இரண்டு பேருக்குக் கிறிஸ்துமஸுக்கு முன்பே வேலை போயிற்று. கோரினின் ஆஸ்துமா மருந்து இந்த வேலையின் காப்பீட்டில்தான் வந்துகொண்டிருந்தது. அவள் அம்மா அரிசோனாவில் வேறு குடும்பம் ஆகிவிட்டவள்.

அதனால் அவன் நல்லா பார்த்தான். இடுக்கியை எடுத்து, பூதக்கண்ணாடி விளக்கின் அடியில், ஒரே ஒரு பின்னைத் தொட்டான். ஓரத்திலிருந்து மூன்றாவது. அது சத்தமே இல்லாமல் சாய்ந்து படுத்தது. ‘பயனர் தவறு’ என்று எழுதி, வாங்கியவருக்குப் படம் எடுத்து அனுப்பினான்.

அப்படி அவன் இடுக்கி பட்ட பலகைகளில் ஒன்று மினசோட்டாவில் இருந்த லிண்ட்க்விஸ்ட் என்ற கிழவருடையது. பல்செட்டுச் செய்யும் கூடத்தில் முப்பத்தெட்டு வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். தன் கை எதையும் வளைத்திருக்காது என்று முதலில் கோபமாக எழுதினார். லைல் படத்தை மறுபடி அனுப்பினான். அடுத்த கடிதத்தை அவர் மனைவி மாரென் எழுதியிருந்தாள். அவர் ஒத்துக்கொண்டுவிட்டாராம். தன் கை தனக்கே தெரியாமல் நடுங்குகிறது போல, உங்களுக்குச் சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னாராம்.

அவர் வைதிருந்தால் லைல் தூங்கியிருப்பான். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார்.

கரண்டி வளைந்தது அந்தக் கடிதம் வந்த மறுநாள் காலை. அடுத்த வாரம் கோரினின் சீப்பு. அவள் தலைமுடியை வாரிவிடும்போது ஏதோ பிடித்து இழுத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், மூன்றாவது பல் மடங்கியிருந்தது. அவன் வாயைத் திறக்கும் முன்பே கோரின், “நானா இருக்கும்ப்பா,” என்றாள்.

பிறகு அந்தச் சத்தம். வெளியே பனி பெய்து, ஐந்து மணிக்கே ஜன்னல்கள் கறுத்துப்போகும் மாலைகளில், ஹீட்டர் ஓடி நின்று, குழாய்களில் மிச்சமிருந்த சூடும் அடங்கி, எரிந்த தூசியின் வாடை மட்டும் கூடத்தில் தங்கியிருக்கும் அந்த ஒரு நிமிட நிசப்தத்தில், மாடிப்படியின் மரக் கம்பிகளை யாரோ நகத்தால் வருடிக்கொண்டு இறங்குவது போலக் கேட்கும். டக், டக், பிறகு ஒரு தட்டுக்குச் சத்தம் இல்லை, பிறகு டக், டக், டக். அவன் போய் விளக்கைப் போட்டுப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். மேலிருந்து மூன்றாவது கம்பி மட்டும், கட்டை விரல் பருமன் ஓக் மரம், விரிசல் ஒன்றுகூட இல்லாமல் சுவர்ப்பக்கமாக வளைந்து நின்றது. மரம் அப்படி வளையாது என்று அவனுக்குத் தெரியும். வாடகை வீடு, பழைய மரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மாரென் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். மாற்றுப் பலகையெல்லாம் அவள் கேட்கவில்லை. இனி ஓட்ட மாட்டேன் என்று அவர் கார் சாவியைக் கொடுத்துவிட்டாராம். சட்டைப் பொத்தானை இப்போது அவள்தான் போட்டுவிடுகிறாளாம். பேத்தியைத் தூக்கச் சொன்னால், கீழே போட்டுவிடுவேன் என்று கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாராம். கடைசிக் கடிதம் நான்கே வரி. ‘டாக்டர் பார்த்துவிட்டார், கையில் ஒரு குறையும் இல்லை என்கிறார். இவர் நம்ப மாட்டேன் என்கிறார், உங்கள் படத்தைத்தான் நம்புகிறார். அதை வளைத்தது அவர்தானா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும்.’

முப்பது நாள் ஆனால் புகார்க் கோப்பை மூடிவிட வேண்டும், பலகை உடைப்புக்குப் போய்விடும். முப்பதாவது நாள் ஒரு வியாழக்கிழமை. லைல் காலையிலிருந்து அந்தக் கடிதத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ‘இல்லை’ என்று அடித்தான். அழித்தான். மறுபடி அடித்தான். எழுதினால் டாலிவர் அம்மாள் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் வேலை போகும், மருந்து போகும். யாரோ ஒரு கிழவர், எங்கேயோ இருக்கிறார், சட்டைக்குப் பொத்தான் போட மனைவி இருக்கிறாள் என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டான். வெட்கப்பட்டுக்கொண்டே புகார்க் கோப்பை மூடினான்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. பனியில் பக்கத்து வீட்டு வேலி தெரிந்தது. வெள்ளைப் பலகைகள். அவற்றை அவன் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை.

உள்ளே ஹீட்டர் நின்றிருந்தது. எரிந்த தூசி வாடை. பள்ளி பஸ்ஸில் வந்த கோரின் சமையலறை மேஜையில் வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்திருந்தாள். இடது கையில் பென்சில். வலது கை மேஜைக்கு அடியில்.

அவள் வலது கைப் பழக்கம் உள்ளவள்.

“கையை ஏன் மறைச்சு வெச்சிருக்க?”

“திட்டாதப்பா.”

“காட்டு.”

அவள் கையை எடுத்து விளக்கின் கீழே வைத்தாள். ஐந்து விரல்கள். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் மூன்றாவது. அது புறங்கைப் பக்கமாக மடங்கி, தோலோடு தோலாகப் படுத்திருந்தது. வீக்கம் இல்லை. சிவப்பு இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

“வலிக்கவே இல்லப்பா. நான்தான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன் போல.”

லைலின் கை சட்டைப் பைக்குப் போனது. வேலை மேஜையில் வைத்துவிட்டு வந்த இடுக்கி. பைக்குள். இளஞ்சூடாக.

“நீ பண்ணலம்மா,” என்றான். நாள் முழுக்க எழுத முடியாத வார்த்தை, இப்போது வந்தது. “நீ இல்லவே இல்ல.”

கோரின் அவனைப் பாவமாகப் பார்த்தாள்.

“வேற யாருப்பா? வீட்டில நாம ரெண்டு பேர்தானே.”

அவனால் சொல்ல முடியவில்லை. மாடிப்படியில் நகம் இறங்க ஆரம்பித்தது. டக். டக். ஒன்றுமில்லை. டக்.

“நல்லா பாருப்பா,” என்று அவள் கையை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு நகர்த்தினாள்.

அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து விரல், யாரும் தொடாமல், சத்தமே இல்லாமல் பின்னால் சாய்ந்து படுத்தது.

“ஸாரிப்பா,” என்றாள் கோரின்.