மொரப்பூரில் காணாமல் போன நான்கு குட்டிகள்

1941 ஆகஸ்ட். காலை மணி ஆறு பத்து.

மருத்துவச்சி தீர்த்தம்மாள் விறகுக் கொட்டகையின் கதவைத் திறந்தாள். கூடை இருந்தது. அதிலிருந்த நான்கு பூனைக்குட்டிகளையும் காணோம். தாய்ப் பூனையும் இல்லை.

நான்கு நாளுக்கு முன் பெய்த மழையில், ஓடைப் பாலத்தடியில் தண்ணீர் ஏற ஏறக் கத்திக்கொண்டிருந்த அந்தத் தெருப் பூனையையும் குட்டிகளையும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தூக்கி வந்தவள் அவள். குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. தாய்ப்பால் இல்லாவிட்டால் ஒரு பகல்கூடத் தாங்காது.

தாய்தான் இடம் மாற்றிவிட்டதோ? கூடையைக் கிளறினாள். விரித்திருந்த இரண்டு பழஞ்சேலைத் துண்டில் ஒன்று குறைந்தது. பூனை துணியைச் சுருட்டிக்கொண்டு போகாது. வந்தது மனிதக் கை.

மணி ஆறு நாற்பது. பக்கத்து வீட்டு நூர் பாஷா வாசலில் வண்டியிலிருந்து இறங்கினார். கோழி வளர்ப்பவர். "சாக்குல கட்டி கூட்ஸ் வண்டியில ஏத்திடுவேன்" என்று முந்தாநாள் பூனையைப் பார்த்துக் கத்தியவர்.

"பாய், நேத்து எங்க இருந்தீங்க?"

"அரூர்ல. மச்சான் வூட்டு நிக்காஹ். ஏங்க?"

"பூனைக்குட்டிங்களைக் காணோம்."

அவர் முகம் வாடிவிட்டது. "கோவத்துல சொன்னதுங்க அது. கண்ணு தொறக்காததுங்களை நான் தொடுவேனா?"

சட்டையில் அத்தர் மணத்தது. கையில் கல்யாண வீட்டு இனிப்புப் பொட்டலம். பொய்யில்லை.

மணி ஏழு கால். வீட்டுக்குப் பின்னால் கடலை மண்டி. காவல்காரன் கோவிந்தன் கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"எலித் தொல்லை எப்படி, கோவிந்தா?"

"அதையேங்க்கா கேக்கறீங்க! நேத்தும் ரெண்டு மூட்டை. இன்னொண்ணு போனா வேலைக்கே வராதேன்னுட்டாரு மொதலாளி."

"எங்க குட்டிங்களப் பாத்தியா?"

"பூனைன்னாலே எனக்கு ஆவாதுங்க்கா."

அவன் தலைக்கு மேல் ஆணியில் நான்கு எலிப்பொறிகள் வரிசையாகத் தொங்கின. உள்ளே வைத்த தேங்காய்ச் சில்லு இன்னும் ஈரம் காயவில்லை. தீர்த்தம்மாள் அவற்றை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

மணி எட்டு. சமையலறை வாசலில் தாய்ப் பூனை வந்து நின்றது. அழவில்லை, தேடவில்லை. பால்சோற்றை நிதானமாகத் தின்றது. அவள் மெல்ல அதைப் புரட்டி மடியைத் தொட்டுப் பார்த்தாள். பால் கட்டவே இல்லை. காம்பைச் சுற்றி மயிர் ஈரமாய் ஒட்டிக் கிடந்தது.

நெஞ்சு நிறைந்து சிரித்துவிட்டாள். "பாய்! கொஞ்சம் என்கூட வாங்க."

கூடையோடு வந்தவளைப் பார்த்ததும் மண்டியில் கோவிந்தன் எழுந்து நின்றான்.

"குட்டிங்களக் காட்டு, கோவிந்தா."

"எந்தக் குட்டிங்க?"

"கொல்ல நெனைக்கறவன் துணி சுத்தி எடுத்துட்டுப் போகமாட்டான். குட்டிங்க பால் குடிச்சிருக்குன்னு தாய் மடியே சொல்லுது. இத்தனை வருசமா பிரசவம் பாக்கறேன், அது தெரியாதா? அப்ப குட்டிங்க பக்கத்துலதான் இருக்கு. எலி மூட்டையைத் தின்னு தீக்கறப்ப எவனாவது பொறியைக் கழட்டி ஆணியில மாட்டுவானா? பூனைக் கால் மாட்டிக்குமேன்னு பயந்தவன்தான் மாட்டுவான்."

கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டான். "குட்டிங்க இங்க இருந்தா தாயும் இங்கயே இருக்கும், எலி அண்டாதுன்னு... கேட்டா தரமாட்டீங்கன்னு நெனைச்சேன்."

"கேட்டுப் பாத்தியா?"

அவன் மூட்டைச் சந்திலிருந்த கள்ளிப்பெட்டியைக் காட்டினான். சேலைத் துண்டின்மேல் நான்கும் சுருண்டு தூங்கின.

தீர்த்தம்மாள் கோபத்தோடு ஒன்றை எடுத்துத் தன் கூடையில் வைத்தாள். பின்னாலேயே வந்த தாய்ப் பூனை அதைக் கழுத்தில் கவ்விப் பெட்டிக்கே கொண்டு போனது. இன்னொன்றை எடுத்தாள். அதையும் கொண்டு போனது. மூன்றாவதற்குக் கை நீட்டியதும் பூனை அவள் கையை ஒரு பார்வை பார்த்தது.

"சரிடியம்மா" என்று அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "கோவிந்தா, காலையிலும் சாயந்திரமும் நான் வந்து பாப்பேன். பாலுக்கு நீதான் பொறுப்பு."

"சரிங்க்கா!"

நூர் பாஷா தொண்டையைச் செருமினார். "கண்ணு தொறந்ததும் அந்தச் செவலைக் குட்டி எனக்குங்க. என் பொண்ணு நசீம் ரொம்ப நாளா கேக்கறா."

"கோழிங்க இருக்கே, பாய்?"

"அதுங்களுக்கு இன்னைக்கே கூண்டு கட்டிடறேன்."