பிந்தாங்கின் வலப்பக்கம்

கேட்டில் கார் ஹார்ன் அடித்த அதே நொடியில் லாயத்துக்குள்ளிருந்து பிந்தாங் கனைத்தது. சிவநேசன் கையிலிருந்த காப்பி தளும்பி விரலைச் சுட்டது.

மூன்று வாரமாக அந்தப் பெண்குதிரை குரலே எழுப்பவில்லை. அடித்தொண்டையில் குழைந்து வரும் இந்தக் கனைப்பு வேறு. அதை ஓட்டும் பையன் தனேஷ் தீவன வாளியோடு வரும்போது மட்டும்தான் அது இப்படிக் கூப்பிடும். தனேஷ்தான் இப்போது இல்லையே. போட்டியில் தடையைத் தாண்டும்போது பிந்தாங் மடங்கி விழுந்து அவன்மேல் புரண்டதில், அங்கேயே போய்விட்டான்.

காரிலிருந்து ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் இறங்கினாள். முப்பது வயது இருக்கும்.

"லோகேஸ்வரி, அங்கிள். கிள்ளான்ல இருந்து. குதிரை மசாஜுக்குப் போன்ல பேசினேனே? ஜெஞ்சாரோம் வரைக்கும் முன்னாடி செம்பனைக் குலை ஏத்தின லோரி லா, நகரவே மாட்டேங்குது."

"இருட்டுறதுக்குள்ள முடிச்சுடும்மா. காலையில போலீஸோட மிருக டாக்டர் வராரு. அப்போ குதிரை நொண்டக்கூடாது."

"எப்போலேருந்து நொண்டுது?"

"விழுந்ததுலேருந்துதான்."

பொய். அது போட்டிக்கு முன்பே நொண்டியது. 'இன்னைக்கு வேணாம் பாஸ், அதுக்கு வலிக்குது' என்று தனேஷ் கெஞ்சினான். சிவநேசன்தான் குதிரையின் வலது முன்னங்காலில் மரத்துப்போகும் ஊசியைத் தன் கையாலேயே போட்டு, அவனை மேலே ஏற்றிவிட்டார். குதிரைக்கு ஒன்றுமில்லை, பையன் ஒழுங்காக ஓட்டவில்லை என்று போலீஸில் சொன்னார். சாவு வீட்டுப் பக்கமே போகவில்லை. பழைய நொண்டலை நாளை டாக்டர் கண்டுபிடித்தால், அவர் உள்ளே போக வேண்டியதுதான்.

லாயத்துக்குள் ஈரத் தவிடும் குதிரை வியர்வையும் சேணத்தின் தோல் வாடையும் கலந்து கனத்திருக்க, தகரக் கூரையில் தூறல் தொடங்க, தூரத்துத் தொழுகைக்கூடமான சூராவிலிருந்து அந்தி நேர மக்ரிப் பாங்கு செம்பனைத் தோட்டத்தின் மேலாக இழுபட்டு வந்துகொண்டிருந்தது. பிந்தாங் லோகேஸ்வரியைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், யாருமில்லாத இடத்தைப் பார்த்துக் காதுகளை நிமிர்த்தியது.

"கயித்தப் பிடிச்சு நான் நிக்கிற பக்கமே நில்லுங்க" என்று அவள் இடப்பக்கம் நின்றாள். "மசாஜ் பண்ற ஆளும் கயிறு பிடிக்கிற ஆளும் எப்பவும் ஒரே பக்கம். மிரண்டா தலைய நம்ம பக்கம் இழுங்க. பின்னங்கால் அந்தப் பக்கம் போயிடும், உதை வாங்கமாட்டோம்."

அவள் விரல்கள் கழுத்திலிருந்து தோளுக்கு மெல்ல இறங்கின. வலித்த இடத்தில் தோல் துடித்தது. அங்கேயே அழுத்திக் காத்திருந்தாள். பிந்தாங் தலையைத் தாழ்த்தி வெறும் வாயை மென்றது.

"பாத்தீங்களா, இளகிடுச்சு. குதிரைக்கு மசாஜான்னு எங்க மாமியார் சிரிக்கும். மனுஷன்தான் அங்கிள் கஷ்டம், நிறைய பொய் சொல்வான். இதுங்களுக்கு அது தெரியாது."

சிவநேசன் சிரிக்கப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தார். அவள் தள்ளும்போது குதிரை அசைந்தது சரி. மறுபக்கத்திலிருந்தும் ஏதோ தள்ளியதுபோல அது திரும்பி வந்தது. மறுபடியும். மறுபடியும்.

லோகேஸ்வரி கைகளை எடுத்து, கலைந்த கூந்தலை முடிந்தாள்.

சர்... சர்... உள்ளங்கை முடியில் உரசும் சத்தம் நிற்கவில்லை.

"யாரும்மா அங்க?"

"என் பக்கம் முடிஞ்சது. நீங்க அந்தப் பக்கம் போங்க, அங்கிள்."

"நீ இங்கதானே நிக்கிற?"

"ஆமா."

கயிறு பிடிப்பவர் மசாஜ் செய்யும் ஆளின் பக்கம். அப்படியானால் மறுபக்கம் மசாஜ் செய்வது யார்? கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம். ஆனால் காலையில் டாக்டர் வருவார். குதிரை நொண்டும். சிவநேசன் பல்லைக் கடித்துக்கொண்டு, குதிரையின் கழுத்துக்குக் கீழே குனிந்து மறுபக்கம் போனார்.

ஆள் இல்லை.

பழுப்பு முடியில் ஐந்து குழிகள். விரல் நுனி அளவு. அவை நகர்ந்தன. தோளில் ஒரு குழி மட்டும் ஆழமாகி, வட்டம் போட்டது. கட்டைவிரல்.

பிந்தாங் கொட்டாவி விட்டது. மூன்று வாரமாகத் தூக்கியே வைத்திருந்த வலது முன்னங்காலைத் தரையில் முழுதாக ஊன்றியது. பிறகு நடந்தது. அவர் கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டு போக, நான்கு காலும் ஒரே தாளத்தில், மழைக்குள் அழகாக நடந்து போயிற்று.

அவர் பின்னால் போகப் பார்த்தார். முடியவில்லை.

அவர் சட்டையின் தோள் அமிழ்ந்தது.

ஐந்து குழிகள். சில்லென்று. முதுகுத்தண்டில் ஒவ்வோர் எலும்பாக இறங்கின. இடுப்பில் நின்றன. முழங்காலைத் தடவின. வலிக்கவில்லை. கொஞ்சமும் வலிக்கவில்லை. கத்த வாய் திறந்தார். நாக்கு மரத்திருந்தது. விரல்கள் திரும்ப மேலே ஏறின. பொறுமையாக. நெஞ்சு. தொண்டை.

லோகேஸ்வரி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என் தம்பி தனேஷ் வலி எங்கேன்னுதான் தேடுறான் அங்கிள், உங்களுக்கு எங்கயுமே வலிக்கலையாம், அப்படி ஒரு உடம்பு கிடைச்சா, வலி வர்ற வரைக்கும் அழுத்தணும்."