பூதம் பேசினால் எப்படி இருக்கும்?

அந்த வாரத்தில் மட்டும் சுசுனேயின் அப்பா எட்டுப் பூதக் குரல்கள் செய்துவிட்டார். எட்டும் தேறவில்லை.

அப்பாவுக்கு வேலையே சத்தம் செய்வதுதான். கார்ட்டூன் படங்களில் கதவு கிறீச்சிடுவது, பூனை குதிப்பது, மழை கொட்டுவது எல்லாம் அவர் கைவண்ணம். டோக்கியோவில் இருந்த அவருடைய ஒலிக்கூடம் முழுக்கப் பழைய செருப்பும் தகரத் தட்டும்தான்.

"எட்டாவது குரல் எதுப்பா?" இரவுச் சாப்பாட்டில் சுசுனே கேட்டாள்.

"என் வயித்துல பசி உறுமுனத மைக்ல பிடிச்சு மெதுவா ஓட்டினேன்."

"டைரக்டர் என்ன சொன்னாங்க?"

"போய்ச் சாப்பிட்டு வாங்கன்னாங்க."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. "நாளைக்கழிச்சு திங்கட்கிழமை. அதுக்குள்ள ஒண்ணும் சரிவரலன்னா சிங்கம் கர்ஜிக்கிற சத்தத்தப் போட்டுடுவாங்க."

சுசுனேயின் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சி அப்படியே நின்றது. "சிங்கமா? நம்ம பூதத்துக்கா?"

'பனிமலைப் பூதம்' அம்மா சிறுமியாக இருந்தபோது வாங்கிய புத்தகம். அட்டை கிழிந்து ஒட்டுப்போட்டது. சுசுனே காய்ச்சலில் படுத்திருந்த நாளெல்லாம் அந்தச் சாதுப் பூதம்தான் துணை. அந்தக் கதைதான் இப்போது படமாகிறது.

படத்தில் என்னென்ன மாற்றுகிறார்கள் என்று அவள் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள். கதாநாயகியின் ஏழு அண்ணன்கள் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். முசுட்டு ஆடு முயலாகிவிட்டது. அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். முயல் அழகாகவே இருந்தது. ஆனால் சிங்கக் கர்ஜனையா?

அவள் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து படித்தாள்.

"பூதம் பேசியது. யார் காதிலும் எதுவும் விழவில்லை. வீட்டுக்கு மட்டும் கேட்டது."

"பாத்தீங்களா? சத்தமே கிடையாது!"

"புத்தகத்துல அது அழகு சுசு. படத்துல வாய மட்டும் அசைச்சா, ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுன்னு ஜனங்க கத்துவாங்க."

அதுவும் நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுசுனே சமையலறையில் உட்கார்ந்து அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குக் காது ஏது? வீட்டுக்குக் கேட்டால் வீடு என்ன செய்யும்?

அவள் பார்வை பாத்திர அலமாரி மேல் போயிற்று. போன மாதம் லேசாக நிலம் அதிர்ந்தபோது, யாருக்கும் தெரிவதற்கு முன்னால் அந்த அலமாரிக்குத்தான் தெரிந்தது.

சுசுனே எழுந்துபோய் அலமாரியை இரண்டு கைகளாலும் பிடித்து மெல்ல ஆட்டினாள்.

கிண்... கிண்கிண்... கடகடகட...

அடுத்த நொடி அம்மா மிசோ சூப் கொதித்த அடுப்பை அணைத்துவிட்டு மேஜைக்கு அடியில் பாய்ந்தாள். "சுசு! உள்ள வா, சீக்கிரம்!" அப்பா வாயெல்லாம் பற்பசை நுரையோடு ஓடிவந்து, அதிர்வில் இறுகிக்கொள்ளாதபடி வாசல் கதவைத் திறந்துவைத்தார்.

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"என்னங்க, விளக்கு ஆடவே இல்லையே?" என்றாள் அம்மா மேஜைக்கு அடியிலிருந்து.

"அது பூகம்பம் இல்லம்மா," என்றாள் சுசுனே சின்னக் குரலில். "பூதம்."

"உன்ன இன்னைக்கு..." அம்மா வெளியே வருவதற்குள் அப்பா கையை உயர்த்தினார். நுரை சட்டையில் சொட்டியது. அவர் கண் அலமாரியை விட்டு நகரவில்லை.

"இன்னொரு தடவ ஆட்டு."

"என் அலமாரிய இனி யாராவது தொட்டீங்க..." என்றாள் அம்மா. ஆனால் மதியம் ஒலிக்கூடத்துக்கு எடுத்துப்போகத் தன் கிண்ணங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தவளும் அவள்தான்.

திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் சுசுனே ஒலிக்கூடத்துக்கு ஓடினாள். அப்பா பதிவுசெய்திருந்த கிண்ணச் சத்தத்தை இயக்குநர் குராஹாஷி கையைக் கட்டி, கண்ணை மூடிக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் கை தன்னையறியாமல் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது.

"குரல் எங்கம்மா?"

"வீட்டுக்குத்தானே கேட்டுது மேடம்? அதனால வீடே பேசட்டும்."

குராஹாஷி புத்தகத்தை வாங்கி அந்த வரியைப் படித்தார். "சின்ன வயசுல நூறு தடவ படிச்சிருப்பேன். இது எனக்குத் தோணலையே!" பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஆனா தியேட்டர்ல நிஜப் பூகம்பம்னு எழுந்து ஓடிட்டா? சின்னப் பசங்க அழுதா?"

சுசுனே யோசித்தாள். "முதல்ல ஒரே ஒரு கிண்ணம் மட்டும் ஆடட்டும். உடனே கதையில வர பொண்ணு சிரிக்கணும். அவ சிரிச்சா யாரும் பயப்பட மாட்டாங்க."

"புத்தகத்துல அவ அந்த இடத்துல சிரிக்க மாட்டாளே?" குராஹாஷி குறும்பாகக் கேட்டார்.

சுசுனேயின் முகம் சிவந்தது. "படத்துல... சிரிக்கலாம்."

அன்று அவள் நோட்டில் இன்னொரு மாற்றமும் ஏறியது. அதற்குப் பக்கத்தில் ஒரு பூவும் வரைந்தாள்.

செர்ரி மரங்கள் பூத்திருந்த நேரத்தில் படம் வெளியானது. அரங்கில் ஓர் இடம்கூடக் காலி இல்லை. திரையில் பனி கொட்டுவது நின்றது. பூதம் மெல்ல வாயைத் திறந்தது. ஒரு சத்தமும் இல்லை.

கிண்.

இருநூறு தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்து கூரை விளக்கைப் பார்த்தன.

திரையில் அந்தப் பெண் கலகலவென்று சிரித்தாள். அரங்கமும் சிரித்தது. முன்வரிசைப் பொடியன் ஒருவன், "பூதம் பேசுது! பூதம் பேசுது!" என்று கத்தினான்.

சுசுனே பெருமையோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கிண்ணங்களின் சொந்தக்காரி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்:

"அடுப்ப அணைச்சுட்டுத்தானே வந்தோம்?"